கழற்றிய சக்கரத்தை எங்கே வைப்பது

"சார், அங்க நீங்க சொல்லிக்கொடுத்தது பரீட்சைக்கு. இங்க நடக்கிறது பொழப்பு."

தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்த இளைஞர் ஒருவர், காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகும் வழியில் சாலையோரப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். என் வண்டியை அங்கே விடப் போயிருந்தபோது, ஒரு வேனின் பின்பக்கத்தை ஒற்றை பாட்டில் ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு அதன் அடியில் அவர் படுத்திருப்பதைப் பார்த்து, ஸ்டாண்டு எங்கே தம்பி என்று கேட்டேன். அவர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மரியாதை சற்றும் குறையாமல் சிரித்தபடியே சொன்ன பதில்தான் மேலே இருப்பது. அலட்சியக்காரர் ஒருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். இவரோ வகுப்பில் கேள்வி கேட்கும் மாணவராக இருந்தவர். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டுதான் வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் இப்படிப் படுத்திருந்தார் என்பதுதான் எனக்குப் பல மாதங்கள் செரிக்காமல் கிடந்தது.

பட்டறையில் ஒருவருக்குக் கை நசுங்கினாலோ கண்ணில் இரும்புத் துகள் பாய்ந்தாலோ, அக்கம்பக்கத்தில் உடனே எழும் தீர்ப்பு அவர் கவனமாக இல்லை என்பதுதான். நேரம் சரியில்லை என்பார்கள் சிலர். வயசுத் திமிர் என்பார்கள் வேறு சிலர். இந்தத் தீர்ப்புகள் எதிலும் எனக்கு உடன்பாடு இருந்ததில்லை. பழைய அம்பாசிடர் ஒன்றில், எஞ்சின் வால்வுகளுக்கு விடவேண்டிய டாப்பெட் இடைவெளியை மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கூடப் பிசகாமல் வைத்துவிட்டு, மனம் ஒப்பாமல் மறுபடியும் அளவுத் தகடான கேஜைச் செருகிப் பார்க்கிற கை அது. அந்தக் கைக்கு உரியவரைக் கவனமில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? கவனம் அவரிடம் நிறையவே இருந்தது. அதை அவர் வண்டிக்குக் கொடுத்தார், தன் உடம்புக்குக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வியோடுதான் அந்தப் பட்டறைக்கு அடிக்கடி போய் உட்காரத் தொடங்கினேன். பட்டறை உரிமையாளர் பழக்கமானவர், தேநீர் வாங்கித் தருபவர்; ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கும் குறைவில்லை.

செம்மண் தரை

பயிற்சி நிலையத்தில் தரை சிமெண்டுத் தரை. நீர்மட்டம் வைத்துப் பார்த்துப் போட்டது. செட்டிநாட்டுச் சாலையோரப் பட்டறைகளில் தகரக் கொட்டகைக்குள் இரண்டு வண்டி நின்றால் அதிகம். மீதி வேலையெல்லாம் முன்வெளியில், செம்மண் தரையில், முடிந்தால் வேப்பமர நிழலில் நடக்கும். சித்திரை வெயிலில் அந்த மண் இரும்புக் கம்பியை அறைந்தாலும் இறங்காத அளவுக்கு இறுகிக் கிடக்கும். ஒரு நல்ல மழைக்குப் பிறகோ மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் தங்கியிருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜாக்கிக்கு அந்த வித்தியாசம் உயிர்நாடி. தள்ளிக்கொண்டு போகும் டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே எழுவதில்லை, வில்போல் வளைந்து எழுகிறது. அதனால் வண்டி உயர உயர ஜாக்கியே தன் சிறு சக்கரங்களில் உருண்டு வண்டிக்கு அடியில் இன்னும் கொஞ்சம் நகர வேண்டும். சிமெண்டுத் தரையில் யாரும் கவனிக்காமலே அது நகர்ந்துவிடும். மண்ணில் அந்தச் சக்கரங்கள் புதைந்துகொண்டால் ஜாக்கி நகராது. பதிலாக அதன் தலைப்பகுதி வண்டியின் அடிச்சட்டமான சேஸில் உரசி இழுபடும், அல்லது வண்டி பக்கவாட்டில் இழுக்கப்படும். தூக்கும்போதே வண்டி நழுவும் விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பாட்டில் ஜாக்கிக்குச் சிக்கல் வேறு. அதன் அடித்தட்டு பத்து சென்டிமீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், அரை டன் பாரம் ஏறும்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணும் 5 கிலோ சுமக்கிறது. அதே ஜாக்கியின் கீழே 30 சென்டிமீட்டர் சதுரமான கனத்த இரும்புத் தகடு ஒன்றைப் போட்டால் அந்த 5 கிலோ அரைக் கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க இரண்டு நிமிடம் போதும். பட்டறையில் அந்தத் தகட்டைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

தகட்டுக்குப் பதிலாக இங்கே கைக்கு வருவது எது என்று பார்த்தால், இந்தப் பகுதிக்கே உரிய ஒரு வேடிக்கை தெரியும். இடித்து விற்கப்பட்ட பெரிய வீடுகளின் பர்மா தேக்குத் துண்டுகளும் உடைந்த கல்தூண் துண்டுகளும் பல பட்டறைகளில் கிடக்கின்றன. ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து முகப்பில் உத்தரமாக நின்ற மரம், இன்றைக்கு ஒரு வேனின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. மரத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. அகலமான துண்டாகப் படுக்கப் போட்டால் நன்றாகவே தாங்கும், மிஞ்சிய பாரம் ஏறினால் நசுங்கியும் முனகியும் முன்கூட்டியே சேதி சொல்லும். கல் அப்படிச் சொல்வதில்லை. சமமாக அழுத்தினால் எவ்வளவோ தாங்கும் கல், பாரம் ஒரு முனையில் விழுந்துவிட்டால் எந்த அறிகுறியும் காட்டாமல் பிளந்துபோகும். செங்கல்லும் உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லும் அதைவிட மோசம். வண்டிக்கு அடியில் கல்லை வைக்காதே என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன். கல் மட்டுமே கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிற பட்டறையில் அந்தச் சொல் எத்தனை நாள் நிற்கும்?

கைபிரேக்கைப் பற்றியும் ஒரு தவறான நிம்மதி எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் கைபிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. பின்பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டால், தரையில் நிற்பவை எந்தப் பிடிப்பும் இல்லாத முன்சக்கரங்கள்தான். கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறேனே என்பார்கள். பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஒரு பின்சக்கரம் மட்டும் அந்தரத்தில் இருந்தாலே போதும், இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு அந்தச் சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டு வண்டியை உருளவிட்டுவிடும். ஆக, தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது ஒன்றுதான் வழி. ஜாக்கியின் உள்ளே பாரத்தைத் தாங்கி நிற்பது எண்ணெயும் அதை வெளியே விடாமல் பிடித்திருக்கும் ஒரு ரப்பர் வளையமும்தான். ஸ்டாண்டிலோ எண்ணெய் இல்லை, ரப்பர் இல்லை. பல்லில் பல் மாட்டிய இரும்பு, அவ்வளவே.

அந்தப் பட்டறையில் ஸ்டாண்டு இல்லாமல் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நல்ல ஸ்டாண்டுகளாகவே இரண்டு ஜோடி இருந்தன. மழையில் நனைந்து துருப்பிடிக்கக் கூடாதென்று, கொட்டகையின் கடைசி மூலையில், கம்ப்ரஸருக்குப் பின்னால், பழைய பம்பர்கள் நாலைந்தின் அடியில் பத்திரமாக இருந்தன. முன்வெளியில் நிற்கும் வண்டிக்கு அதை எடுத்துவர, பம்பர்களை நகர்த்தி, கம்ப்ரஸரின் குழாயைத் தாண்டி, உள்ளே நிற்கும் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒடுக்கி வரவேண்டும். வேனின் பிரேக் கேபிளை ஒரு திருகு இறுக்குவதற்கு ஆகும் நேரத்தைவிட அது அதிகம். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில், குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் கூட்டத்தோடு போக வேண்டிய வேன்கள் எல்லாம் வரிசைகட்டி நிற்கும். தை, வைகாசி முகூர்த்த நாட்களில், ஆண்டு முழுதும் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த கார்கள் ஒரே நாளில் பழுது பார்க்கப்பட வேண்டும். அந்த நேரத்தில் மூலைக்குப் போய் ஸ்டாண்டு எடுத்துவரும் தொழிலாளியை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை.

ஆவணி மழை

ஆவணியில் எங்கள் பக்கம் மாலை நேரத்து இடிமழை வழக்கம். அப்படிப்பட்ட ஒரு மழைக்கு மறுநாள் முற்பகலில் அந்த விபத்து நடந்தது. சுமை ஏற்றும் குட்டியானை ஒன்றின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பிரேக் டிரம்மைப் பிரிப்பதற்காக என் மாணவர் பாதி உடம்பை உள்ளே நுழைத்திருந்தார். தரை மேலுக்குக் காய்ந்திருந்தது. ஜாக்கியின் கீழே ஒரு பலகைத் துண்டும் போட்டிருந்தார். ஆனால் அது ஜாக்கியின் அடித்தட்டைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். நானும் உரிமையாளரும் கொட்டகை வாசலில் பேசிக்கொண்டிருந்தோம். பலகையின் ஒரு ஓரம் மண்ணுக்குள் இறங்கியது, ஜாக்கி சாய்ந்தது, வண்டி கீழே வந்தது. பார்த்து எச்சரிப்பதற்கான இடைவெளி எதுவும் அதில் இல்லை.

வண்டி முழுவதுமாக இறங்கவில்லை. கழற்றி எடுத்த சக்கரம் சேஸின் அடியில் படுக்கப் போடப்பட்டிருந்தது. வண்டி அதன்மேல் உட்கார்ந்து நின்றுவிட்டது. டயரின் அகலம் அளவுக்கு இடம் மிஞ்சியது. முழங்கையில் சிராய்ப்போடு அவர் ஊர்ந்து வெளியே வந்தார். தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, நடுக்கம் அடங்கிய பிறகு, சக்கரத்தை அடியில் தள்ளி வைத்தது நல்லதாய்ப் போயிற்று, அதையாவது மறக்காமல் இருந்தாயே என்றேன். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளு என்பது நான் நடத்திய பாடத்தில் உள்ள வரிதான்; ஆகையால் என் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கலாம்.

அவர் விழித்தார். "அதுக்காக வைக்கல சார். வேற எங்க வைக்கிறது? வெளியில வச்சா சகதி, உள்ள வச்சா பாதையை மறிக்குதுன்னு அண்ணன் சத்தம் போடுவாரு."

உரிமையாளர் அதை ஒப்புக்கொண்டார். சில ஆண்டுகளுக்கு முன்பு, பாதையில் கிடந்த சக்கரத்தில் தடுக்கி வாடிக்கையாளர் ஒருவர் விழுந்துவிட்டாராம். அன்றிலிருந்து, கழற்றிய சக்கரம் அந்தந்த வண்டிக்கு அடியிலேயே போக வேண்டும், வேறெங்கும் கண்ணில் படக்கூடாது என்பது பட்டறையின் சட்டம். புதிதாக வரும் பையன்கள்கூட முதல் வாரத்திலேயே அதைப் பழகிவிடுகிறார்கள். அது உயிர்காக்கும் வழி என்று அங்கே யாருக்கும் யாரும் சொன்னதில்லை. மீறியவர்களும் கிடையாது, ஏனென்றால் மீறினால் சக்கரத்தை வைக்க இடமில்லை.

நான் எவ்வளவோ வார்த்தைகளைச் செலவழித்துச் சொன்ன ஸ்டாண்டு கம்ப்ரஸருக்குப் பின்னால் உறங்கியது. வார்த்தையே இல்லாத ஒரு வழக்கம் அந்த முற்பகலில் வேலை செய்தது. பரீட்சை வேறு, பிழைப்பு வேறு என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்குச் சரியாகப் பிடிபட்டது. பாதுகாப்பான வழி நல்லதா கெட்டதா என்ற விவாதம் அவர்களுக்குள் நடப்பதே இல்லை. அவசரத்தில் இருக்கும் கை, எது அருகில் இருக்கிறதோ அதை எடுக்கிறது. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைக்கிறது. அருகில் இருப்பது ஸ்டாண்டாக இருந்தால் ஸ்டாண்டை எடுக்கும், கல்தூண் துண்டாக இருந்தால் கல்தூண் துண்டை எடுக்கும். கவனமாக இரு என்று அந்தக் கைக்குச் சொல்வதைவிட, அதன் எதிரே எந்தப் பொருள் கிடக்கிறது என்று பார்ப்பது பயனுள்ள வேலை.

உரிமையாளர் என்னைவிட வேகமாக அடுத்த படிக்குப் போனார். "அப்ப ஸ்டாண்டையும், எடுக்காம வேலையே செய்ய முடியாத எடத்துல வச்சிட்டா?" என்று கேட்டார்.

சுவரில் வரைந்த உருவங்கள்

பக்கத்து வெல்டிங் கடையில் சொல்லி ஒரு தள்ளுவண்டி செய்தார்கள். நான்கு சக்கரம் வைத்த இரும்புச் சட்டம். அடியில் ஜாக்கி, அதற்கு மேலே ஜாக்கியை மறைத்தபடி இரண்டு ஸ்டாண்டுகள், பக்கவாட்டில் தகடும் இரண்டு முட்டுக்கட்டைகளும். ஜாக்கியை எடுக்க வேண்டுமானால் முதலில் ஸ்டாண்டுகளைத் தூக்கிக் கீழே வைத்தாக வேண்டும். கீழே இறக்கிய ஸ்டாண்டை மறுபடி ஏற்றுவதைவிட வண்டிக்கு அடியில் தள்ளுவது சுலபம் என்பதால், அது அங்கேதான் போகிறது. பழைய சேனல் இரும்பில் செய்ததால் செலவும் பெரிதில்லை. கல்தூண் துண்டுகளை முன்வெளியிலிருந்து அகற்றி, வாசலில் வாடிக்கையாளர்கள் உட்காரும் திண்டாக்கிவிட்டார்கள்.

அடுத்த மாதமே ஆயுதபூசை வந்தது. ஆண்டில் அந்த ஒரு நாள்தான், எந்தப் பட்டறையிலும், ஒவ்வொரு ஸ்பேனரும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக இருக்கும். எது இருக்கிறது, எது தொலைந்தது, எந்தச் சுத்தியலின் பிடி ஆடுகிறது, எந்த உளியின் தலை காளான்போல் விரிந்து விளிம்பு பிளந்திருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியவரும். (அப்படி விரிந்த தலையை அரைத்துவிடாமல் அடித்தால், தெறிக்கும் சில்லு நேராகக் கண்ணைத் தேடி வரும்.) விஜயதசமி முடிந்ததும் எல்லாம் பழையபடி ஒரே பெட்டிக்குள் போய்விடும். அந்த ஆண்டு போகவிடவில்லை. பூசைக்கு அடுக்கிய வரிசையிலேயே சுவரில் ஆணி அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயிண்டில் வரைந்துவிட்டார்கள். வெற்றாகத் தெரியும் உருவம், அந்தக் கருவி ஏதோ ஒரு வண்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடும். பேனட்டை மூடுவதற்குமுன் சுவரை ஒருமுறை பார்க்கிறார்கள். விசிறியின் மேலே மறந்துவிட்ட ஸ்பேனர், எஞ்சினைக் கிளப்பியதும் என்ன செய்யும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பார்வையின் அருமை தெரியும்.

இரும்பைத் தேய்க்கவும் அறுக்கவும் வைத்திருக்கும் கிரைண்டரில்தான் நாங்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டோம். நான்கு அங்குல வட்டு மாட்டிய கைக்கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் சுழல்கிறது. வட்டின் விளிம்பின் வேகத்தைக் கணக்கிட்டால் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். வட்டு உடைந்தால் அதன் துண்டு அந்த வேகத்தில்தான் கிளம்பும். அதைத் தடுத்து நிறுத்துவதற்காக இருப்பது ஒரு தகர மூடி. அந்த மூடி எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் கழற்றப்பட்டே கிடக்கிறது. திமிரினால் கழற்றுவதில்லை. நான்கு அங்குல வட்டு தேய்ந்து ஆழம் எட்டாதபோது பெரிய வட்டை மாட்டத் தோன்றுகிறது, பெரிய வட்டு மூடிக்குள் நுழையாது, மூடி கழல்கிறது. ஏழு அங்குல வட்டின்மேல் அதிகபட்சம் 8,500 சுற்று என்ற அளவில்தான் அச்சிட்டிருப்பார்கள். அதை 11,000 சுற்றில் ஓட்டினால் என்ன நடக்கும் என்பதற்குத் தனி விளக்கம் வேண்டாம். மூடியைக் கழற்றாதே என்ற எச்சரிக்கைப் பலகையை எழுதி மாட்டலாமா என்று ஒருவர் யோசனை சொன்னார். பலகைகளின் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு மாதத்தில் அதன்மேல் எண்ணெய்ப்புகை படிந்து, சுவரின் நிறமே அதற்கும் வந்துவிடும். பெரிய வட்டு வாங்குவதையே உரிமையாளர் நிறுத்திவிட்டார். பெரிய வட்டு பட்டறையில் இல்லாதபோது மூடியைக் கழற்ற ஒரு காரணமும் இல்லை. கண்ணைக் காக்கும் கண்ணாடியை கிரைண்டரின் பிளக் பாயிண்டுக்கு நேர் மேலே, சுவிட்சை மறைக்கும்படி தொங்கவிட்டார்கள். அதைக் கையில் எடுக்காமல் சுவிட்சைத் தொட முடியாது. எடுத்ததைத் திரும்ப மாட்டுவதைவிட முகத்தில் போட்டுக்கொள்வது எளிது. வட்டின் நடுவே உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும் என்பது அங்கே பலருக்கும் புதுச் செய்தியாக இருந்தது.

பேட்டரி விஷயம் இந்த ஊருக்கு ஒரு தனி அழுத்தத்தோடு வருகிறது. மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில், நேரு 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953 முதல் காரைக்குடியில் இயங்கிவருகிறது. அதே ஊரில், மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த வீட்டுக் கார்களின் செத்துப்போன பேட்டரிகளை மூடிய கொட்டகைக்குள் இரவு முழுவதும் சார்ஜ் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிப் போகிறோம். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை வெளியிடும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். காலையில் கதவைத் திறந்தவர் சார்ஜரின் கிளிப்பைப் பிடுங்கும்போது எழும் பொறியே அதற்குப் போதும். முதலில் சுவிட்சை அணை, பிறகு கிளிப்பை எடு என்று சொல்லித்தரலாம்தான். உரிமையாளர் சார்ஜருக்கான பிளக் பாயிண்டை உள்சுவரிலிருந்து எடுத்து, பக்கம் திறந்த தாழ்வாரத்துக்கு மாற்றினார். ஒயர் நீளத்தையும் வெட்டிக் குறைத்தார். இப்போது உள்ளே வைத்து சார்ஜ் போட நினைத்தாலும் ஒயர் எட்டாது.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுப்பதும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுவதும் அங்கே எல்லோருக்கும் முன்பே பழக்கம்தான். வண்டியின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவ் நட்டில் வைத்த ஸ்பேனர் பாடியைத் தொட்டாலே ஷார்ட் ஆகிவிடும். ஆனால் கையில் இருக்கும் உலோகக் காப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு முனைகளுக்கும் நடுவே அந்தக் காப்பு சிக்கினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் அதன் வழியே பாயும். கழற்றுவதற்குள் தோலைப் பொசுக்கிவிடும். காப்பைக் கழற்றச் சொன்னால் இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். அதற்கு ஓர் ஆணி அடித்துக்கொடுத்துப் பார்த்தார்கள். சிலர் மாட்டுகிறார்கள், சிலர் மாட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஆணி போதாது.

லாரிச் சக்கரங்களில், டயரை இரும்பு வளையத்தால் பூட்டிய ரகத்துக்கு 100 பிஎஸ்ஐ-க்கும் மேல் காற்றடிக்கும்போது வளையம் பிய்த்துக்கொண்டு பறந்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. சக்கரத்தை உள்ளே வைத்துக் காற்றடிக்கும் இரும்புக் கூண்டு வைத்திருக்கும் டயர் கடைக்கு அந்த வேலையை அனுப்பிவிடுவது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் உரிமையாளர். எனக்கும் அதில் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.

காத்திருப்பவர்

இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இயந்திரங்களுக்குத் தடுப்பு, தூக்கும் கருவிகளுக்குச் சோதனை, கண்ணுக்குக் காப்பு என்று எல்லாவற்றுக்கும் பிரிவுகள் இருந்தன. ஆனால் மின்சாரம் பயன்படும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாக எண்ணப்பட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. நான்கு பேர் வேலை செய்யும் சாலையோரப் பட்டறை இரண்டு கணக்கிலும் சேராது. அடிபட்டவர் இழப்பீடு கேட்க முன்பு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது, 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. ஆனால் வேலை பார்த்ததற்கே எழுத்தில் ஆதாரம் இல்லாதவர் அதைக் கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

ஆகவே அந்தப் பட்டறைக்குள் அதிகாரம் செலுத்துபவர், என் பார்வையில், ஆய்வாளரும் அல்ல, உரிமையாளரும் முழுவதும் அல்ல. வண்டியை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கும் வாடிக்கையாளர்தான். "பத்து நிமிஷ வேலைதானண்ணே, நான் நிக்கிறேன், முடிச்சிக் குடுத்துருங்க" என்று அவர் சொல்லும்போது, அந்தப் பத்து நிமிடத்துக்குள் கட்டை வைக்கும் நேரமும் இல்லை, ஸ்டாண்டு நிறுத்தும் நேரமும் இல்லை, ரேடியேட்டர் ஆறும் நேரமும் இல்லை. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளிருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விலகி, முழுவதும் ஒரேயடியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். அது ஆற அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணிக்கு ரசீதில் ஒரு வரி கிடையாது, கேட்டால் கொடுப்பவரும் கிடையாது. வாடிக்கையாளர் சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பொழுதுபோகாமல் சாவியைத் திருகுவார்கள். அந்த நேரத்தில் பெல்ட்டின் பக்கத்தில் யாருடைய விரல் இருக்கிறதோ தெரியாது.

சாவியின் விஷயத்தில் என் மாணவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டிக்கு அடியில் படுப்பவர் யாரோ, சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும். மின்விசிறி வைத்த புது வண்டிகளில் சாவி இல்லாமலும், எஞ்சின் சூட்டினால் விசிறி தானே சுழலத் தொடங்கலாம் என்பதால், அவற்றில் பேட்டரியின் நெகட்டிவையும் எடுத்துவிடுகிறார்கள். நேரத்தைப் பற்றி உரிமையாளர் செய்தது ஒரே ஒரு காரியம்: பத்து நிமிடம் என்று யார் சொன்னாலும், ஒரு மணி நேரம் கழித்து வாங்க என்று பதில் சொல்லத் தொடங்கினார். சிலர் முணுமுணுத்துவிட்டு அடுத்த பட்டறைக்குப் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான்; அப்படி யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

பெட்ரோல் மட்டும் இன்னும் எங்களுக்கு வசப்படவில்லை. பாகங்களைக் கழுவத் தட்டில் பெட்ரோல் ஊற்றி வைப்பது எல்லாப் பட்டறைகளிலும் உள்ள பழக்கம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், தரையோடு பரவி, வேலைக்குழி இருந்தால் அதற்குள் இறங்கித் தேங்கும். வெயில் காலம் ஒருபுறம் இருக்கட்டும், மார்கழிக் காலையிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழும். மண்ணெண்ணெய் முன்புபோல் எளிதில் கிடைப்பதில்லை. டீசலில் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சுகிறது, பிறகு சோப்புத் தண்ணீரில் ஒருமுறை அலச வேண்டியிருக்கிறது, பிரேக் பாகங்களுக்கு அதுவும் சரிப்படுவதில்லை. பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு வெளிவந்த வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டதால் பெட்ரோல் தட்டின் தேவை ஓரளவு குறைந்திருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் பழைய வண்டிகள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. இப்போதைக்கு, தட்டைக் கொட்டகைக்கு வெளியே, வெல்டிங் ஒயர் எட்டாத தூரத்தில், மூடியோடு வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று உரிமையாளர் குறைப்பட்டுக்கொண்டார். காலால் மிதித்தால் திறந்து, எடுத்தால் தானே விழுந்து மூடிக்கொள்ளும்படி ஒரு மூடி செய்ய முடியுமா என்று வெல்டிங் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறோம். மிதியின் நீளத்தைப் பற்றி அவருக்கும் என் மாணவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.